ஆமென் சொல்வதற்கு முன்

தம்பி இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போது நாங்கள் சமயநல்லூரில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தோம். மதுரையிலிருந்து சபை மக்கள் ஆரப்பாளையம் வந்து, பஸ் மாறி, இறங்கி வெயிலில் நடந்து வந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பிரெட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்தார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போவதைப் போல. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு வேறு என்ன வாங்குவது என்று யாருக்குத்தான் தெரியும்.

எல்லா வருகையும் ஒரே மாதிரி நடந்தது. வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் அழுவார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அம்மா, "நாந்தேன் அக்கா அவனை..." என்று ஆரம்பிப்பாள். உடனே வந்தவர், "அப்படிச் சொல்லக் கூடாது. ஆண்டவரோட சித்தம் இல்லாம எதுவும் நடக்காது. ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்கிடுவமா?" என்பார். அம்மா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். ஜெபம் முடிந்தால் காபி. காபி முடிந்தால் பஸ் நேரம். அம்மாவின் வாக்கியம் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

அடுத்தவர் வரும்போது மறுபடியும் "நாந்தேன்" என்று தொடங்குவாள். மறுபடியும் ஜெபம்.

நடந்தது இவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும் என நினைத்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு. அதிகாலை முதல் ஆராதனையில் திருவிருந்து, அப்பமும் ரசமும் எடுக்கும் நாள். தம்பி இருட்டு பிரியும் முன் பைக்கில் மதுரைக்குக் கிளம்பியிருக்கிறான். பரவை தாண்டுவதற்குள் ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியிருக்கிறான். லாரிக்குப் பின்விளக்கு இல்லை. அப்பா சபைக் கமிட்டியில் இருந்ததால் திருவிருந்துக்கு வேண்டியதை எடுத்து வைக்க முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். முட்டு வலியால் அம்மா அந்த மாதம் போகவில்லை. நான் ஊரிலேயே இல்லை, கம்பெனி டிரெய்னிங்குக்காகக் கோயம்புத்தூரில் இருந்தேன். ஆகவே அன்று காலை வீட்டில் நடந்ததைப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருந்த எனக்கு, யுபிஎஸ் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கரண்ட் போனால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சீனியர் சொல்லிவிட்டார்: "கஸ்டமரைப் பேச விட்டீங்கன்னா மாமியார் சண்டை வரைக்கும் வந்துருவான்மா. நீங்க கேளுங்க, அவன் பதில் மட்டும் சொல்லட்டும்."

நான் அதில் சீக்கிரமே தேர்ந்துவிட்டேன். எந்த விளக்கு எரிகிறது, பீப் சத்தம் விட்டு விட்டு வருகிறதா அல்லது ஒரேயடியாகவா, எதையெல்லாம் மாட்டி வைத்திருக்கிறீர்கள், பாட்டரி எப்போது வாங்கியது. இதற்குள் பழுது என்னவென்று தெரிந்துவிடும். எதிர்முனையில் ஆள் "இல்லம்மா, நேத்து என்ன ஆச்சுன்னா" என்று இழுப்பதற்குள் நான் புகாரை எழுதி முடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, மத்தியானம் தூங்கினியா, தலைவலி இருக்கா. அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். அந்த 'ம்'களை வைத்து, இன்று பரவாயில்லை, இன்று மோசம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வேன். ஒருநாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏண்டி, எனக்கு வேலை கீலை போட்டுக் குடுக்கப் போறயா? இப்படி இன்டர்வியூ எடுக்குற?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பாவின் முறை வேறு. எங்கள் வீட்டில் தினமும் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. அவர் அம்மாவிடம் நேரடியாகச் சொல்ல முடியாததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வார். "பிதாவே, இந்த வீட்டில் சிலர் சமாதானம் இல்லாமல் இருக்கிறார்கள். நன்றி செலுத்த மறந்துபோகிறார்கள். அவர்கள் இருதயத்தைத் தொட்டருளும்." வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அந்தச் சிலர் யாரென்று ஆண்டவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அம்மா முழங்காலில் நிற்பதை மெதுவாக நிறுத்தினாள். முட்டு வலி என்றாள். பிறகு ஜெப நேரத்தில் அடுப்படியில் ஏதாவது வேலையாக இருந்துகொண்டாள். அப்பாவின் குரல் அடுப்படி வரை கேட்கும்படி உயர்ந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அம்மா தன்னை ஏதாவது செய்துகொள்வாள் என்பதல்ல என் பயம். நடமாடிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, 'ம்' சொல்லிக்கொண்டு, எங்களில் ஒருவரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமலே அவள் முழுதாக உள்ளே போய்விடுவாள் என்று தோன்றியது. தம்பிக்குப் பிறகு அவளும். அவள் சொல்ல வந்ததை யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

வருடம் திரும்பும் சமயம் ஐயரம்மா வந்தார். எங்கள் போதகரின் மனைவி. சபையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இரக்கமுள்ள பெண். தம்பியின் அடக்கத்துக்குப் பிறகு மூன்று நாளும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவர். அன்று அப்பாவும் இருந்தார்.

"அக்கா, வருஷ நினைவு ஜெபக் கூட்டம் வைக்கிறோம்ல. அதுல நீங்க ஒரு சாட்சி சொல்லணும். நெறைய வேணாம், அஞ்சு நிமிஷம். இந்த ஒரு வருஷமா ஆண்டவர் உங்களை எப்படித் தேத்துனாருன்னு."

"தேத்தலையே" என்றாள் அம்மா.

ஐயரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முழங்கையைத் தட்டிச் சிரித்தார். "விளையாடாதீங்க. நீங்க சொன்னா எத்தனை தாய்மாருக்குப் பிரயோஜனமா இருக்கும்."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு வேணா சொல்றேன். அதைக் கேக்குறீகளா?"

"அது எதுக்குக்கா இப்ப, ஆறுன புண்ணைப் போயிக் கிளறிக்கிட்டு?"

"ஆறிருச்சுன்னு யாரு சொன்னது?"

அப்பா இருமினார். ஐயரம்மா அம்மாவின் தோளில் கை வைத்து, "ஜெபிப்போம்" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். "அன்பின் ஆண்டவரே, எங்கள் அருமைச் சகோதரியின் நாவிலே சாட்சியின் வார்த்தையை வைத்தருளும். அவர்கள் உள்ளத்திலே இருக்கிற கசப்பை நீரே..."

"ஆமென்" என்றாள் அம்மா. உரக்க, தெளிவாக.

அப்பா "ஆமென்" என்றார். நானும் "ஆமென்" என்றேன். சிறுவயதிலிருந்து வந்த பழக்கம். ஒருவர் சொன்னால் வாய் தானாகச் சொல்லிவிடும். அப்புறம்தான் ஜெபம் இன்னும் முடியவில்லை என்பது உறைத்தது. ஐயரம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். "இன்னுமாக நாங்கள் உம்மிடத்தில் கேட்கிறது என்னவென்றால்..."

"ஆமென்."

இந்த முறை யாரும் கூடச் சொல்லவில்லை. ஐயரம்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "சரிக்கா, வாரேன். ரெஸ்ட் எடுங்க" என்றார். காபி குடிக்கவில்லை.

அவர் தெருமுனை தாண்டும் வரை காத்திருந்துவிட்டு அப்பா கேட்டார். "அவுக என்ன நெனைப்பாக?"

"அவுக நெனைக்கிறது இருக்கட்டும். நான் என்ன நெனைக்கிறேன்னு இந்த வீட்டுல எவராச்சும் கேட்டீகளா?"

அப்பா துணிப் பைக்குள் குடையைத் தேடினார். வெளியே மழை இல்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அம்மா நெத்திலி வாங்கியிருந்தாள். இரண்டு பேரும் புழக்கடையில் உட்கார்ந்து தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். வழக்கமான கேள்விகள் நாக்கு நுனியில் இருந்தன. முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்து, அதற்கு வரப்போகும் 'ம்' நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மீனைக் கிள்ளினேன். வெகுநேரம் அப்படியே போனது. பிறகு அம்மா என்னைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினாள்.

"முந்தின நா கூட்டாளி கல்யாணத்துக்கு மேலூர் போயிட்டு ரொம்ப நேரங்கழிச்சுத்தேன் வந்தான். காலைல எழுப்புனேன். 'ஒம்போது மணி ஆராதனைக்குப் போறேம்மா'ன்னான். அதுல திருவிருந்து கெடையாதுல்ல. எனக்கும் முட்டு வலி, போக முடியல. வீட்டுல ஒங்கப்பா மட்டும் எடுத்தா எப்படின்னுட்டு போர்வையை உருவுனேன். தண்ணியைத் தெளிச்சேன்."

நிறுத்தினாள். ஒரு காகம் வந்து சுவரில் உட்கார்ந்தது. அதை விரட்டினாள். அந்த இடைவெளியில் என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. நீ நல்லதுக்குத்தானேம்மா செஞ்ச. பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லாமல் இருப்பது இவ்வளவு சிரமம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. போனில் ஆள் பேச்சை நிறுத்தினால், முடித்துவிட்டான் என்றுதான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"காபி கேட்டான்" என்றாள் அம்மா. "ஒரு வாய் குடுத்துரும்மா, கண்ணைச் சொக்குதுன்னான். திருவிருந்து எடுக்குமுன்ன ஒண்ணும் வாயில வைக்கக் கூடாதுன்னு எங்கம்மா வளத்த வளப்பு. வந்து குடின்னுட்டேன். பால் காய்ஞ்சு அடுப்புலதேன் இருந்துச்சு. ஒரு வாய் குடிச்சிருந்தா முழிப்புக் குடுத்திருக்கும். லாரி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

எங்கள் சபையில் பெரும்பாலான வீடுகளில் அந்த வழக்கம் இருந்தது. நானும் அப்படித்தான் போவேன், வெறும் வயிற்றோடு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பயபக்தி என்று நினைத்துச் செய்தது.

"எழுப்பாம விட்டிருந்தா இருந்திருப்பான்ல?" என்று கேட்டாள். இப்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

என்னிடம் பதில்கள் இருந்தன. லாரிக்குப் பின்விளக்கு இல்லை. அந்த ரோட்டில் அவனுக்கு முன்பும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். காபி குடித்தவனும் மோதியிருக்கலாம். நம் கையில் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் சரியான பதில்தான். ஒவ்வொன்றும் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்வது என்பதும் அப்போது தெரிந்தது.

"இருந்திருப்பான்மா" என்றேன்.

"ஆமா" என்றாள். அழவில்லை. மீனைக் கழுவ எழுந்து போனாள்.

அவள் பாரம் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டால் இலேசாகிவிடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். குறையவில்லை. மறுநாளும் அதே முகம். ஞாயிறு பள்ளியில் படித்த நாளிலிருந்து ஆண்டவர் நம் ஜெபத்தைக் கேட்கிறார் என்று நம்பி வளர்ந்தவள் நான். கேட்டும் ஏன் பதில் சொல்லவில்லை என்று இந்த ஒரு வருடமாக அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்தது. பதில் சொல்லாமல் இருப்பதுதான் ஒருவேளை அவர் கேட்கிற விதமோ என்று அந்த வாரம் தோன்றியது. புழக்கடையில் நானும் அதைத்தானே செய்தேன். ஆனால் அப்படி நினைத்தது எனக்கு ஆறுதலாக இல்லை. கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத்தான் தெரியுமே.

அப்பாவிடம் சொன்னேன். அம்மா சாட்சி சொல்ல வேண்டாம், அவள் மனதில் இருப்பது வேறு என்றேன். காபி விஷயத்தையும் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். அன்று தம்பி வருவான் என்று அவனுக்கும் சேர்த்துத் திருவிருந்து அப்பம் எடுத்து வைத்தவர் அவர்.

"முழங்கால் போடும்மா" என்றார். "ஜெபிப்போம்."

போட்டேன். "பிதாவே" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். அவரிடம் நானாவது ஏதாவது கேட்டிருக்கலாம். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கூட்டத்தன்று காலை அம்மாவே என்னிடம் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். "நான் சொல்லுறேன்டி" என்றாள்.

"என்னம்மா சொல்லப் போற?"

"நடந்ததைத்தேன். எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாகல்ல. ஒவ்வொருத்தர்ட்டயா ஆரம்பிச்சு ஆரம்பிச்சு அலுத்துப்போச்சு. ஒரே தடவையாச் சொல்லி முடிச்சுருறேன்."

பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் ஒன்றைச் செய்ய விரும்பினாள்.

வாசலில் சாமியானா போட்டிருந்தோம். ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் ஜமுக்காளத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் பேசி முடித்ததும் அப்பா எழுந்து, "இப்ப வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுவாங்க" என்றார். அம்மா எழுந்து நின்றாள். நான் பின்னால், டீ டம்ளர்கள் வைத்திருந்த மேஜை அருகே இருந்தேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றாள். எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். "அன்னைக்குக் காலைல அவனை நாந்தேன் எழுப்புனேன்."

அவளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்போது மணிக்குப் போறேன்னான். நான் விடல. ஒரு வாய் காபி கேட்டான்..."

அவள் குரல் உடைந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம் பொறுத்திருந்தால் போதும். அவள் முடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐயரம்மா ஒரு பாட்டை எடுத்தார்.

எங்களில் அது வழக்கம். சாட்சி சொல்கிறவர் அழுதுவிட்டால் நடுவில் தவித்து நிற்க விடக் கூடாது, ஒரு பாட்டு எழுப்பித் தாங்கிக்கொள்ள வேண்டும். நானே எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஆறுதல் பாட்டு. முதல் அடியிலேயே பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் கீழ்க்குரலில் சேர்ந்தார்கள். யாரோ கை தட்டத் தொடங்கினார். அருமையாகப் பாடினார்கள். சிலர் உண்மையாகவே அழுதார்கள். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

அம்மா உட்காரவில்லை. தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அவள் உதடுகள் அசைந்தன. அவள் பாடவில்லை, பேசிக்கொண்டிருந்தாள்.

நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவே தாண்டிப் போனேன். யாருடைய விரலையோ மிதித்தேன். "ஏ, பாத்துப் போ புள்ள" என்று ஒரு குரல். போய் அம்மாவின் வாயருகே காதை வைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவர்களிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"...வண்டி ஸ்டார்ட் ஆகல. ஒதைச்சு ஒதைச்சுப் பாத்தான். 'ஆண்டவருக்கே நான் வாரது புடிக்கலம்மா'ன்னு சிரிச்சான். நாந்தேன் பின்னாடி நின்னு தள்ளிவிட்டேன். முட்டு வலியோட தள்ளுனேன். தெருமுக்கு வரைக்கும்..."

பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்திருந்தது. கடைசிச் சரணத்தை எப்போதும் சத்தமாகத்தான் பாடுவோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூச்சு மட்டும் என் காதில் பட்டது. இன்னும் கொஞ்சம் காதை நெருக்கினேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பாட்டு முடிந்தபோது அவளும் முடித்திருந்தாள். உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். போதகர் ஆசீர்வாதம் கூறினார். மிக்சரும் டீயும் கொடுத்தோம்.

போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துப் பலர் சொன்னார்கள், அம்மாவின் சாட்சி மனதைத் தொட்டது என்று. ஐயரம்மா அம்மாவை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்த யாரிடமும் அவள் "நாந்தேன்" என்று ஆரம்பிக்கவில்லை. ஜெபம் என்றால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள், முடியும்போது மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாள். தேறிவிட்டாள் என்றார்கள். அப்பாவும் அப்படி நம்ப விரும்பினார். நான் சனிக்கிழமைகளில் அவள் பக்கத்தில் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து பார்த்தேன். வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். கீரையின் விலையைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அம்மா, வண்டியைத் தெருமுக்கு வரைக்கும் தள்ளுனேன்னு சொன்னியே. அதுக்கப்புறம் என்ன?"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை.

"அதான் அன்னைக்குச் சொல்லிட்டேனேடி" என்றாள்.